அம்மாவுக்கு ஏரி வேலை இல்லை, அண்ணிக்கு ஆயிரம் ரூபாய் வரவில்லை. யாரிடம் கேட்பது?

செய்யாற்றங்கரை எழுதியது (ஆகஸ்ட் 2025):

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஊர் திருவண்ணாமலை மாவட்டம். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள். அப்பா இறந்து சில வருஷம் ஆகிறது. முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம், மழை பெய்தால் மணிலா (நிலக்கடலை) போடுவோம். எல்லோரும் ஒரே ரேஷன் கார்டு.

அம்மாவுக்கு 58 வயது. எங்கள் மாவட்டத்தில் நூறு நாள் வேலை (ஏரி வேலை என்றும் சொல்வோம்) 2006-லேயே வந்துவிட்டது. கூலி 80 ரூபாயாக இருந்த காலத்திலிருந்து அம்மா போகிறார். இந்த வருஷம் ஏப்ரலுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் கூப்பிட்டார்கள். கேட்டால் "வேலை வந்தா சொல்லி அனுப்புறேன்மா" என்கிறார் கிளார்க். அது போக, போன குளிர்காலத்தில் செய்த வேலைக்குக் கூலி இன்னும் வரவில்லை. கூட வேலை செய்த பக்கத்து வீட்டு அத்தைக்கு வந்துவிட்டது. நூறு நாள் வேலை அட்டையில் பெயர் பச்சையம்மா, ஆதாரில் பச்சையம்மாள். இதுதான் காரணம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார்.

அண்ணி விஷயம் வேறு. மாசம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-லேயே எழுதிக் கொடுத்தார். நான்கு சக்கர வாகனம் இருப்பதால் நிராகரிப்பு என்று மெசேஜ் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல்! மேல்முறையீடு என்று ஏதோ சொன்னார்கள், அண்ணன் கண்டுகொள்ளவில்லை.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போவதால்தான் அண்ணிக்குப் பணம் தரவில்லை என்று ஒரு பேச்சும் ஊரில் ஓடுகிறது. உண்மையா? நேரில் போய் நிற்க எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கழனிக்காரன் எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நூறு நாள் வேலை வந்த பிறகு எங்கள் பக்கம் களை எடுக்க ஆள் கிடையாது. நடவுக்கு மிஷினைத்தான் கூப்பிடுகிறேன். ஏரியில் பத்து சட்டி மண் அள்ளிவிட்டு வேப்பமரத்தடியில் கதை பேசினால் அரசாங்கம் கூலி கொடுக்கிறது. அப்புறம் மாசம் ஆயிரம் வேறு. அதெல்லாம் யார் வரிப்பணம்? உன் அம்மாவை எங்கள் ஊருக்கு அனுப்பு, தினமும் வேலை தருகிறேன்.


தென்பெண்ணை எழுதியது:

கழனிக்காரன் அண்ணாவுக்குப் பதில் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் தம்பிக்கு.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள். 2013-ல் சேர்ந்தபோது கூலி 148 ரூபாய். இப்போது, 2025-ல், 336. நோட்டில் பெயர் எழுதிக் கைநாட்டு வாங்கிய காலமும் பார்த்தேன், செல்போனில் படம் பிடித்து ஏற்றும் காலமும் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பேச்சை முதலில் விடுங்கள். நூறு நாள் வேலைக்குப் போவதற்கும் உரிமைத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று ஒன்றிய அரசின் 2005-ஆம் வருஷத்துச் சட்டம், இன்னொன்று 2023 செப்டம்பர் 15-ல் மாநில அரசு தொடங்கியது. ஆயிரம் ரூபாய் வாங்குகிற பெண்கள் எத்தனையோ பேர் என் தளத்தில் மண் சுமந்தார்கள். ஏரி வேலைக் கூலியை வைத்து யாரையும் தள்ளுவதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர் தாண்டக் கூடாது, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட் தாண்டக் கூடாது. முக்கால் ஏக்கர் மணிலாவுக்கு இதில் எதுவும் இடிக்காது. இடிப்பது அந்த வண்டி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வேலை. "வந்தா சொல்றேன்" என்பதுதான் இந்தத் திட்டத்தைக் கெடுத்த வார்த்தை. சட்டப்படி வேலை வருவதற்காக உங்கள் அம்மா காத்திருக்க வேண்டியதில்லை. அவர் கேட்க வேண்டும், கேட்ட பதினைந்து நாளில் அவர்கள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டால் கேட்டதாகவே கணக்கில் ஏறாது. ஒரு வெள்ளைத்தாளில் பெயர், அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை வேண்டும் என்று எழுதுங்கள். தொடர்ந்து பதினான்கு நாள் வேலையாவது வேண்டும் என்று கேளுங்கள். ஊராட்சியில் கொடுங்கள், வாங்க மறுத்தால் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.விடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம், கொடுங்கள். தேதி போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன் பிறகு பாதி. அந்தப் படியை வாங்கியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரசீது கேட்ட அடுத்த வாரமே என்.எம்.ஆர். (வேலையாட்கள் வருகைப் பட்டியல்) போட்டு வேலை கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் ரசீது இருந்தால் அது தணிக்கையில் கேள்வியாக வரும். கிளார்க்கு மேல் மட்டும் பழி போடாதீர்கள், அவருக்கும் மேலேயிருந்து "இந்த மாசம் ஆளைக் குறை" என்று உத்தரவு வரும். ஆனால் அந்த உத்தரவு எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் ரசீது தாளில் இருக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். அண்ணியும் அதே அட்டையில் இருக்கிறாரா? நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் போனால் நூறைப் பங்கு போட வேண்டியதுதான்.

இப்போது கூலிப் பாக்கி. 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பணம் நின்றுபோனது. ஜனவரியில் 1,056 கோடி பாக்கி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், மார்ச்சில் அது நாலாயிரம் கோடியைத் தாண்டியது. பொங்கலுக்குக் கூலி வரும் என்று நம்பி மளிகைக் கடையில் கடன் சொன்ன பெண்கள் என் ஊரிலேயே நிறைய. தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டு, நாளுக்கு 0.05 சதவீதம். அப்போது கூலி 319. ஆறு நாளுக்கு 1,914 ரூபாய். அதில் கணக்குப் போட்டால் நாளுக்கு ஒரு ரூபாய்கூட முழுசாகத் தேறாது. கடைக்காரர் அவ்வளவு குறைந்த வட்டிக்கு அரிசி தருவாரா?

ஆனால் உங்கள் கதை அது இல்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கு வந்து அம்மாவுக்கு மட்டும் வரவில்லை என்றால் சிக்கல் அம்மாவின் கணக்கில். பெயர் வித்தியாசம் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி போகிறது. பெயர் இடித்திருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும். 2024-ல் நடுவில் அம்மாவுக்குக் கூலி வந்ததா? வந்தது என்றால் பேங்க்கைத்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகு அம்மா வேறு எந்த பேங்க்கிலாவது கணக்குத் தொடங்கினாரா, மகளிர் குழு, கேஸ் மானியம், ஏதாவது? கேட்டுச் சொல்லுங்கள். ஆதார் வழியாக வரும் பணம் நாம் காட்டுகிற பாஸ்புக்குக்கு வராது, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கே போய் விழும்.

கழனிக்காரன் அண்ணா, நீங்கள் சொல்கிற வேப்பமரம் என் தளத்திலும் இருந்தது. மண் வெட்டும் இடத்தில் அளவு எடுப்பதற்காக நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டுவைப்போம். ஓவர்சியர் வந்து அந்தத் திட்டின் உயரத்துக்கு டேப் பிடிப்பார். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, எத்தனை பேர் வெட்டினார்களோ அத்தனை பேருக்கும் பிரிப்பார். அளவு குறைந்தால் கூலியும் குறையும். 336 என்று பேப்பரில் போட்டிருப்பது முழு அளவுக்கு. கோடையில் காய்ந்த ஏரியில் மம்பட்டி போட்டால் டங்கென்று எகிறும், அந்த மண்ணுக்கு முழு அளவு எங்கே வரும்? முழுக்கூலி வராத வாரங்களில் என்னிடம் சண்டைக்கு வந்தவர்களைக் கேளுங்கள்.

அப்புறம், வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். என் தளத்தில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். முட்டி வலியோடு சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடச் சொல்வீர்களா? நடவுக்கு வந்துகொண்டிருந்த இளம்பெண்கள் ஏரிக்கு வரவில்லை, கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார்கள். சந்தேகம் இருந்தால் காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டில் நின்று பாருங்கள்.


கழனிக்காரன் எழுதியது:

கம்பெனி வேன் விஷயம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். என் தங்கச்சி மகளே அப்படித்தான் போகிறாள். ஆனாலும் ஜனவரியில் அறுப்பு நேரத்தில் ஏரி வேலை போடுவது நியாயமா? அந்த ஒரு மாசம் நிறுத்தினால் குறைந்தா போகும்?


தென்பெண்ணை எழுதியது:

அறுப்பு மிஷின் வந்த ஊரில் அறுப்புக்கும் ஆள் வேண்டாம், ஏரியும் கிடையாது என்றால் அந்த மாசம் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் அண்ணா? நீங்கள் மிஷினைக் கூப்பிட மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், நானே வந்து வேலையை நிறுத்தச் சொல்கிறேன் :)


இ-சேவை சிவா எழுதியது:

வண்டி விஷயத்துக்கு நான் சொல்கிறேன். இ-சேவை மையம் வைத்திருக்கிறேன், 2023-ல் இந்த மேல்முறையீடுகளை மூட்டை மூட்டையாகப் பதிவு செய்தவன். மெசேஜ் வந்த முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு, ஆன்லைனில் முறையிட வாய்ப்புக் கொடுத்தார்கள். உங்கள் அண்ணன் விட்டது அதைத்தான்.

வீட்டில் இப்போது என்ன நிற்கிறது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. போக்குவரத்துத் துறைப் பதிவில் ரேஷன் கார்டில் இருக்கும் யார் பெயரிலாவது கார், ஜீப், டிராக்டர் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. இருந்தால் தள்ளிவிடும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் "வண்டியே இல்லை சார்" என்பார்கள். கொஞ்சம் கிண்டினால் பழைய வண்டி ஒன்றை எப்போதோ விற்றிருப்பார்கள், ஆர்.சி.யில் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். அண்ணனிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அப்பா பெயரிலும் பாருங்கள்.

இப்போது நல்ல நேரம். ஜூலை 15-லிருந்து அரசின் 'உங்களுடன் ஸ்டாலின்' மனு முகாம் நடக்கிறது. ஊர்ப்பக்கம் மட்டும் 6,232 முகாம், நவம்பர் வரை. உரிமைத் தொகை விட்டுப்போனவர்கள் அங்கே மறுபடி எழுதிக் கொடுக்கலாம். விண்ணப்பத்தாளை முகாமிலேயே தருவார்கள், வெளியே யாராவது ஐம்பது ரூபாய்க்கு விற்றால் வாங்காதீர்கள். நாற்பத்தைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆர்.சி. அப்படியே இருந்தால் திரும்பவும் அதே பதில்தான் வரும். மானியத்தில் வாங்கிய வண்டிக்கு இந்த முறை விலக்கு உண்டு, சாதாரண வண்டிக்கு இல்லை.


செய்யாற்றங்கரை எழுதியது:

நேற்று ராத்திரி போனில் பேசினேன். இரண்டுமே நீங்கள் சொன்ன மாதிரிதான்.

அம்மா போன தீபாவளிக்கு முன் மகளிர் குழுக் கடனுக்காக இன்னொரு பேங்க்கில் கணக்குத் தொடங்கியிருக்கிறார். அங்கே ஆதார் கொடுத்துக் கைரேகை வைத்தது நினைவிருக்கிறது. அந்த பாஸ்புக்கை யாரும் திறந்து பார்க்கவே இல்லை. அண்ணன் மகள் இன்று காலை கொண்டுபோய் என்ட்ரி போட்டுப் பார்த்தாள். நூறு நாள் கூலி மொத்தமும் அதில்தான் விழுந்திருக்கிறது! ஆனால் விழ விழக் குழுக் கடன் தவணைக்கு எடுத்துவிட்டார்கள். மிச்சம் நாற்பது ரூபாய். அம்மா இத்தனை மாசமும் தவணையை ஏஜெண்ட் கையில் ரொக்கமாகவும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குத் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

அண்ணன் 2019-ல் ஒரு பழைய மாருதி ஆம்னியை வேலூர் ஆள் ஒருவருக்கு விற்றிருக்கிறார். வாடகைக்கு ஓட்டலாம் என்று வாங்கியது, ஓடவில்லை. பெயர் மாற்றவில்லை. கேட்டதும் "அது இன்னும் என் பேர்லயா இருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

அண்ணி அட்டையில் பெயர் இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போனதில்லை.


தென்பெண்ணை எழுதியது:

பாஸ்புக் திறந்த பெண்ணுக்கு முதலில் ஒரு பாராட்டு. பிளஸ் டூ என்றீர்கள், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியா? அப்படியென்றால் காலேஜில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் அவள் கணக்குக்கே வரும். அம்மாவோ பாட்டியோ வேறு எந்தப் பணம் வாங்கினாலும் அதை வைத்து இதை நிறுத்த மாட்டார்கள். படிப்பு முடியும் வரை வரும். அவளுக்கு அவள் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும், அதில் யாரும் கடன் வாங்க வேண்டாம்.

தவணை இரட்டையாகப் போயிருக்கிறது என்றால் பணம் எங்கும் ஓடவில்லை, கடன் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். துண்டுச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, கடன் கணக்கின் ஸ்டேட்மெண்ட்டை பேங்க்கில் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏஜெண்டிடம் கொடுத்தது ஸ்டேட்மெண்ட்டில் இல்லை என்றால் விஷயம் வேறு. மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள், ஏஜெண்டிடம் வாய்ச்சண்டை போட்டு அவரை உஷார்ப்படுத்த வேண்டாம். குழுத் தலைவியையும் கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள். தனியாகப் போகிற பெண்ணை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பழைய பேங்க்குக்கே கூலி வர வேண்டும் என்றால் அம்மா அந்தக் கிளைக்குப் போய் ஆதாரை இங்கே இணையுங்கள் என்று படிவம் கொடுத்தால் போதும். ஒன்றிய அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். அட்டையில் பெயரை மாற்றுவதையும் இப்போதைக்குக் கிளறாதீர்கள், ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடும்.

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்தாரா? மாசம் 1,200 ரூபாய். சம்பாதிக்கும் மகன்கள் இருக்கும்போது 'ஆதரவற்ற' என்று எழுத வி.ஏ.ஓ. தயங்குவார், அது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தால் அவருக்கு உரிமைத் தொகை கிடையாது. ஆனால் அதே கார்டில் ஓய்வூதியம் வாங்காத அண்ணி உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முன்னால் அது முடியாது என்று வைத்திருந்தார்கள், பிறகு தளர்த்திவிட்டார்கள். அதனால் ஆயிரத்துக்கு அண்ணி பெயரையே போடுங்கள். கார்டுக்கு ஒருவர்தான், அம்மா பெயரைப் போட்டு அந்த இடத்தை அடைத்துவிடாதீர்கள்.


கழனிக்காரன் எழுதியது:

தம்பி, ரொக்கமாகக் கட்டின பணத்தை விடாதே. என் வீட்டுக்காரியும் குழுவில் இருக்கிறாள், இந்த மாதிரி ஏஜெண்ட் கதை எங்கள் பக்கமும் உண்டு. அம்மாவை வேலைக்கு அனுப்பு என்று முதலில் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மணிலா பிடுங்க வருவார் என்றால் நிஜமாகவே சொல்லு.


செய்யாற்றங்கரை எழுதியது:

மணிலா எங்கள் நிலத்திலேயே பிடுங்க வேண்டியிருக்கிறது அண்ணா :) எல்லோருக்கும் நன்றி. வேலை கேட்டு எழுதும் தாளை அண்ணன் மகளே எழுதிவிட்டாள், திங்கள்கிழமை பாட்டியோடு போய் ரசீது வாங்கி வருவதாகச் சொல்கிறாள். சிவா அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அண்ணன் வேலூர் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார். அவர் அந்த ஆம்னியை மூன்று வருஷத்துக்கு முன்பே காயலான் கடைக்குப் போட்டுவிட்டாராம். இல்லாத வண்டிக்கு யார் பெயரில் மாற்றுவது?


இ-சேவை சிவா எழுதியது:

பெயர் மாற்ற வேண்டாம், பதிவையே ரத்து செய்ய வேண்டும். பதிவு எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஆர்.சி. புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அண்ணனிடமே இருந்தால் பாதி வேலை முடிந்தது. கடன் போட்டு வாங்கிய வண்டியா, கடன் முடித்த சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். வரி பாக்கி இருந்தால் கட்டச் சொல்வார்கள். வேலூர் ஆள் காயலான் கடையில் போட்டதற்கு ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், சேஸிஸ் நம்பர் வெட்டிய துண்டு இருந்தால் இன்னும் நல்லது. அங்கே மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் நகலை முகாம் விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடியுங்கள். ரத்து ஆகும் வரை காத்திருந்தால் முகாம் போய்விடும்.